உப்பளமும் எளிய கருவிகளும்



வீட்டுப் பொருள்களுள் மிகக் குறைந்த விலையுடையது எது என்று ஒரு வகுப்பிலே வினவினால், மாணவருள் பெரும்பாலோர் உப்பு என்றே விடையிறுப்பர். விடை சரியே. ஆனால் அக்குறைந்த விலைப் பொருளை விளைவிப்பவன் செலவிடும் உழைப்பு எத்துணை என்று அடுத்த வினாவை எழுப்பினால் வகுப்பு அமைதியாகிவிடும். விலை மலிந்த பொருளை உண்டாக்குவோனுக்கு விலையுயர்ந்த கருவி வாங்க வழியில்லை. ஆதலின், அவனுடைய உழைப்பைக் குறைத்து ஊதியத்தைப் பெருக்கக்கூடிய கருவி ஏதேனும் உண்டெனில், அது குறைந்த விலையில் கிடைப்பதாகவும் அவனே செப்பனிட்டுக் கொள்ளத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். அத்தகைய எளிய கருவிகளைப் பற்றியும், அவற்றை நம்நாட்டாரும் ஆப்பிரிக்க நாட்டாரும் கையாண்ட வகையைப் பற்றியும், மரக்காணத்து உப்பளங்களை முன்வைத்துச் சிறிது சிந்திப்போம்.

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையூர். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், சாலையோரமெங்கும் கட்டம் கட்டமாகப் பரந்து கிடக்கும் உப்புப் பாத்திகளையும், அவற்றின் கரைகளில் வெண்ணிறக் குன்றுகள்போல் நிற்கும் உப்பு அம்பாரங்களையும் கண்டிருப்பர். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க தமிழ்நாட்டு உப்பளப் பகுதி இது. அருகில் கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் ஏரி உள்ளது. பல்லாயிரம் பறவைகள் வந்து தங்கும் இந்நீர்நிலையைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. வடக்கே ஆந்திரக் கடற்கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிவுறுவதும் மரக்காணத்தின் அருகேதான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் அக்கால்வாய் வழியே படகுகளில் சென்னைக்குச் சென்றன.

இவ்வூரின் தொன்மையும் சிறிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுங்கால் எயிற்பட்டினம் என்னும் கடற்கரை நகரைக் குறிப்பிடுகின்றது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கொள்கை. இங்குள்ள பூமீசுவரர் கோயிற் கல்வெட்டுகள் சோழர் காலத்தவை. நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடெங்கும் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணர்களைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. ஆகவே, இக்கரையில் உப்பு விளைதல் நேற்றைய தொழிலன்று.

இனி, உப்பு விளையும் முறையைச் சிறிது காண்போம். முறை தெரிந்தால்தான் எந்தக் கருவி எவ்விடத்தில் உதவும் என்பது விளங்கும்.

ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 27 கிலோ. எஞ்சியவை சுண்ண உப்பும் மக்னீசிய உப்புகளும் பிறவுமாம். நீர் முழுதும் வற்றும்வரை விட்டுவைத்தால் இவையெல்லாம் ஒன்றாகக் கலந்து, கசப்பும் ஈரப்பசையும் மிக்க உப்புத்தான் கிடைக்கும். ஆதலால் உப்பள உழவன் நீரைப் படிப்படியாக நடத்திச் செல்கின்றான். முதலில் பெரிய தேக்கப் பாத்தி. அடுத்து நீரைச் சுண்டவைக்கும் பாத்திகள். இறுதியில் உப்பு விளையும் சிறு பாத்திகள். நீரின் அடர்த்தியைப் 'போமே' என்னும் அளவையால் குறிப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை. 13 பாகையை எட்டும்போது ஜிப்சம் படியத் தொடங்கும். 25 பாகையைத் தாண்டியதும், அதாவது ஆயிரம் லிட்டர் நூறு லிட்டராகச் சுருங்கிய பின்னர், உப்பு பூக்கத் தொடங்கும். 29 அல்லது 30 பாகையில் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். அந்நீரிலே மக்னீசிய உப்புகள் மிகுந்திருத்தலின், வடிக்கத் தவறினால் விளைந்த உப்பும் கெட்டுவிடும்.

இவ்வளவும் ஞாயிற்றின் வெப்பத்தாலும் கடற்காற்றாலும் இலவசமாக நிகழ்வன. மனிதன் செய்ய வேண்டியவை மூன்று. நீரை ஒரு மட்டத்திலிருந்து மற்றொரு மட்டத்துக்கு ஏற்றுதல் ஒன்று. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கிச் செம்மை செய்தல் இரண்டு. விளைந்த உப்பை வாருபலகையால் வாரி, வடியவிட்டு, கூடையில் எடுத்துத் தலைச்சுமையாகக் கரையேற்றுதல் மூன்று. சொல்லும்போது மூன்று வரிகளில் முடிந்துவிடுகின்ற இவ்வேலை, செய்யும்போது ஆண்டில் எட்டுத் திங்கள் நீள்கின்றது. தை மாசியில் தொடங்கி ஐப்பசி மழை வரும்வரை, வெண்மையான தரையிலிருந்து கண்ணைக் கூசவைக்கும் ஒளி எதிரடிக்க, வெறுங்காலோடு உவர்நீரில் நின்று செய்ய வேண்டிய வேலை அது. காலில் வெடிப்பு, வெடிப்பினுள் உப்பு, அதனால் ஆறாத புண். இது இத்தொழிலின் வழக்கமான கூலிகளுள் ஒன்று.

யான் இக்கடற்கரைப் பகுதியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், வருகைப் பதிவேடே எனக்கு உப்பளத்தின் பஞ்சாங்கமாக விளங்கியது. அறுவடை முடுகும் பங்குனி சித்திரையில் சிறுமியர் சிலர் வாரார். தாய் உப்பளத்திற்குச் செல்ல, வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவர்கள் நின்றுவிடுவர். ஐப்பசி கார்த்திகையில் வேறு சிலர் வாரார். மழையால் வேலையற்றுப் பெற்றோர் வெளியூர் சென்றிருப்பர். கருவி, முதல், விலை என்று நாம் பேசுவனவெல்லாம் இறுதியில் இத்தகைய ஒரு பதிவேட்டிலே வந்து முடிகின்றன என்பதை மறத்தலாகாது.

'ஏழைக்கேற்ற கருவி' என்னும் எண்ணம் உலகில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளாதாரமும் பயின்றவர். காந்தியடிகளின் வழிநின்று, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தியவர். நிலைத்த பொருளாதாரம் பற்றி அவர் சிறையிலிருந்து எழுதிய நூல் 1945இல் வெளிவந்தது. எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தலரிசி, பனைவெல்லம் போன்ற தொழில்களில் கருவியைச் சிறிது திருத்தினால் உழைப்போன் பிழைப்பான் என்பது அவர் கண்ட நெறி. பிற்காலத்தில், செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த சூமாக்கர் என்னும் பொருளாதார அறிஞர், குமரப்பாவின் கருத்துகளைப் போற்றி மேற்கோளாக எடுத்தாண்டார். சூமாக்கர் 1962இல் இந்தியாவுக்கு வந்தார். இங்குள்ள சிற்றூர்களின் நிலையைக் கண்ட பின்னர், அரிவாளுக்கும் பெரிய டிராக்டருக்கும் இடைப்பட்ட ஒரு கருவி வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார். 1966இல் அதற்கெனவே இங்கிலாந்தில் ஒரு கழகத்தையும் நண்பருடன் சேர்ந்து தோற்றுவித்தார். அக்கழகத்தின் பணி ஆப்பிரிக்க நாடுகளிலும் பரவியது. தஞ்சைத் தமிழர் ஒருவரின் சிந்தனை இலண்டன் வழியாக ஆப்பிரிக்கச் சிற்றூர்களை எட்டியது என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம். முதலாவது நம்நாட்டிலேயே உள்ளது. இந்தியாவில் விளையும் உப்பில் முக்காற்பங்குக்கு மேல் குஜராத்திலிருந்து வருகின்றது. அங்கே கட்ச்சு வளைகுடாவை அடுத்த சிறிய ரண் என்னும் உவர்ப் பாலையில், அகரியா எனப்படும் குடும்பத்தார் நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைக்கின்றனர். உப்பு ஊறிப்போன அவர்தம் கால்கள் ஈமத்தீயிலும் எளிதில் வேகா என்று அப்பகுதியில் சொல்லும் வழக்கம் உண்டு. இக்குடும்பங்கள் மழை நீங்கியதும் பாலையிலே குடிசையிட்டு, அடுத்த கோடை வரை அங்கேயே தங்குகின்றன. நீரிறைக்க டீசல் எஞ்சின் வேண்டும். டீசல் வாங்கப் பணமில்லாமையால் வணிகரிடம் முன்பணம் பெறுவர். முன்பணம் பெற்றமையால் அவ்வணிகர் சொல்லும் விலைக்கே உப்பைக் கொடுப்பர். பருவ முடிவில் கணக்குப் பார்த்தால், வருவாயின் பெரும்பகுதி டீசலுக்கே சென்றிருக்கும்.

எலா பட் அம்மையார் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கம், இம்மகளிரிடையே சூரியவிசைப் பம்புகளைப் பரப்ப முன்வந்தது. பம்பைத் தானமாக வழங்கிச் செல்லாமல், அதன் விலையைக் கடனாக்கித் தவணையில் செலுத்தச் செய்தனர். டீசலுக்குச் செலவாகி வந்த பணமே தவணையாயிற்று. மாநில அரசும் மானியம் வழங்கியது. பகல் முழுதும் காயும் வெயில், ஒருபுறம் நீரை உலர்த்துகின்றது. மறுபுறம் நீரை இறைக்கவும் செய்கின்றது. தவணை தீர்ந்தபின் பம்பு அக்குடும்பத்தின் உடைமை. டீசலுக்காக வாங்கிய முன்பணம் குறையக் குறைய, வணிகரிடம் விலை பேசும் வலிமையும் கூடுகின்றது. இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பம்பு வெற்றி பெற்றதற்குக் காரணம் அதன் பொறியியல் மட்டுமன்று. டீசற்செலவு உழைப்பவருடைய சொந்தச் செலவாக இருந்தமையே அதன் வேர்க்காரணம். மிச்சமானது அவர்தம் கைக்கே வந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு மேற்கு ஆப்பிரிக்காவில். கினி, கினி-பிசாவு ஆகிய நாடுகளின் கடற்கரையில் மகளிர் உப்புக் காய்ச்சுகின்றனர். அங்கு மழை மிகுதி; நம் நாட்டைப் போல் பரந்த பாத்திகள் அமைத்தல் அரிது. ஆதலால், ஓதநீர் வந்து போகும் நிலத்தின் மேல்மண்ணைச் சுரண்டி, அதனை வடிகூடையிலிட்டு நீர் ஊற்றி, வடியும் உவர்நீரை விறகிட்டுக் காய்ச்சுவது அவர்தம் பரம்பரை முறை. விறகு அலையாத்திக் காட்டிலிருந்து வரும். ஒரு மூட்டை உப்புக்குப் பல மூட்டை விறகு எரிந்தது. காடு அழிந்தது; புகையால் மகளிரின் கண்ணும் நெஞ்சும் கெட்டன; அலையைத் தடுத்து நின்ற அரணும் குறைந்தது.

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் கெராந்து என்னும் ஊர் கடலுப்புக்குப் பெயர் பெற்றது. அவ்வூர் உப்பு உழவர் சிலர், சங்கம் அமைத்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஒரு சிறு திருத்தத்தைக் கற்பித்தனர். மண்ணைச் சுரண்டுதல், வடிகூடை, உவர்நீர் எல்லாம் பழைய முறைப்படியே. காய்ச்சுவதற்கு மாறாக, தரையில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து ஓரத்தைச் சிறிது உயர்த்தி, அதிலே உவர்நீரை ஊற்றி வெயிலில் விட்டுவிடுதல், அவ்வளவே. விறகு வெட்டும் நாள் மிச்சம், புகை இல்லை, மண் கலவாத உப்பு. நல்லாசிரியன் மாணவன் அறிந்ததிலிருந்து தொடங்கி அறியாததற்கு அழைத்துச் செல்வான் என்பது எங்கள் பயிற்சிப் பள்ளியில் முதலிற் கற்பிக்கும் விதி. அவ்விதியை இவ்வுழவர் நன்கு கடைப்பிடித்தனர். மகளிர் அறிந்த மூன்று படிகளை விட்டுவைத்து, நான்காவது படியை மட்டுமே மாற்றினர்.

அதே மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகருக்கு அருகில், ரெத்பா என்னும் செந்நிற உவரேரி இருக்கின்றது. அங்கே நீரில் இறங்கி ஏரியின் அடியிலிருந்து உப்பைத் தோண்டுவோர், ஷியா என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயை உடலெங்கும் பூசிக்கொண்டே இறங்குவர். உவர்நீர் தோலைத் தின்னாமல் அது காக்கின்றது. எந்த ஆராய்ச்சிக் கூடமும் கற்பிக்காத, உள்ளூரிலேயே விளையும், செப்பனிட வேண்டாத கருவி அது. நம் உப்பளத் தொழிலாளர் தேங்காயெண்ணெய் பூசும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவு எல்லாம் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பதில்லை.

மூன்றாவதாக, உப்பின் வழியே வந்த ஒரு நல்வாழ்வுத் திட்டத்தைக் கூறுவேன். அயோடின் என்னும் சத்துக் குறைந்தால் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் 1956 முதல் இமயச் சாரலிலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பால் இந்நோயைத் தடுக்கலாம் என்று மெய்ப்பித்தது. 1962இல் நடுவணரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட்டு போதும். ஒருவருக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவு சில காசுகளே. இதைவிட மலிவான மருந்து உலகில் அரிது.

ஆயினும் இங்கும் சிறு உற்பத்தியாளர் இடர்ப்பட்டனர். அயோடின் கலக்கும் பெரிய இயந்திரத்தை நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவன் எங்ஙனம் வாங்குவான்? அயோடின் கலவாத உண்ணும் உப்பின் விற்பனைக்கு நாடு முழுதும் 1998இல் விதித்த தடை 2000த்தில் நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் விதிக்கப்பட்டமை, இச்சிக்கலைச் சூழ்ந்த வழக்காட்டின் அடையாளமே. பிள்ளைகளின் மூளையும் காக்கப்பட வேண்டும். சிற்றுப்பளக்காரனின் பிழைப்பும் காக்கப்பட வேண்டும். இரண்டையும் காக்கும் வழி, பலர் கூடி ஒரு கலவை நிலையத்தை வைத்துக்கொள்வது. கைத்தெளிப்பான் கொண்டு கலக்கும் எளிய முறையும் உண்டு. செனகலிலும் கானாவிலும் சிறு உப்பு விளைவிப்போரைக் குழுக்களாகச் சேர்த்து இவ்வழியிலேயே முயன்று வருகின்றனர். உப்பில் அயோடின் இருக்கின்றதா என்பதை ஒரு துளி மருந்து விட்டு நிறமாற்றத்தால் அறியும் சிறு சோதனைப் பெட்டி ஒன்றுண்டு. சென்னையில் செய்யப்பட்ட அப்பெட்டிகள் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சிற்றூர்களிலும் பயன்பட்டன. மாவுப்பொருளும் அயோடினும் கூடினால் நீலநிறம் தோன்றும் என்று உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் அதே பாடந்தான் அப்பெட்டியின் உட்பொருள்.

சென்னை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. தெருமுனையிலும் பள்ளி முற்றத்திலும் நாம் காணும் 'இந்தியா மார்க் 2' என்னும் கைப்பம்பு, 1970களில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தின் துணையோடு உருவாயிற்று. கோயம்புத்தூர்ப் பகுதியிலே சோதிக்கப்பட்டு, முதற்கண் சென்னையிலே உற்பத்தியாயிற்று. பின்னர் ஆப்பிரிக்கக் கண்டமெங்கும் பரவியது. அதில் தனியுரிமை யாருக்கும் இல்லை, எவரும் செய்யலாம், உதிரி உறுப்புகள் எல்லாம் ஒரே அளவின. அதன் வெற்றிக்கு இவையே காரணம். கொடுக்கல் ஒருபுறமாக மட்டும் நிற்கவில்லை. சிற்றூர் மக்களே கழற்றிப் பூட்டிச் செப்பனிடத்தக்க 'ஆப்பிரிதேவ்' என்னும் பம்பு ஆப்பிரிக்காவில் உருவாகி, பின்னர் ஆசிய நாடுகளுக்கும் வந்தது.

இதற்கு மாறான கதையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில், குழந்தைகள் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினத்தோடு பம்பை இணைத்து ஒரு கருவி செய்தனர். விளையாட்டிலேயே தண்ணீர் ஏறும் என்ற எண்ணம் எவரையும் மகிழ்விக்கத் தக்கதே. 2006இல் அமெரிக்காவில் பெருநிதி வாக்களிக்கப்பட்டது. ஆனால் அக்கருவி சாதாரணக் கைப்பம்பினும் பன்மடங்கு விலையுள்ளது. பழுதுபட்டால் உள்ளூரில் செப்பனிட முடியாதது. ஊருக்கு வேண்டிய நீரை இறைக்கும் அளவுக்கு எந்தக் குழந்தையும் நாள் முழுதும் விளையாட மாட்டாது. குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபின், முதிய பெண்டிர் அவ்விராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. கொடுப்பவர் கண்ணுக்கு அழகாயிருத்தல் வேறு; கொள்பவர் கைக்கு இசைந்திருத்தல் வேறு.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் யாது? ஒரு கருவி ஏழை உழைப்பாளிக்கு உதவுமா என்று அறிய நான்கு வினாக்கள் போதும். அதன் விலையை, கடனாகவேனும், அவன் தன் வருவாயிலிருந்து தீர்க்க முடியுமா? அது பழுதுபட்டால் உள்ளூர்க் கொல்லனோ பொறியாளனோ செப்பனிட முடியுமா? அவன் அறிந்த தொழில்முறையோடு அது ஒட்டி வருகின்றதா? கருவியால் விளையும் மிச்சம் யாருடைய பைக்குச் செல்கின்றது? முதல் மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்து, நான்காவது வினாவுக்கு விடை தவறினால், கருவி வெற்றி பெறும். உழைப்பாளி வெற்றி பெறமாட்டான்.

இந்நான்கு வினாக்களையும் மரக்காணத்துக்கு இட்டுப் பார்ப்போம். இங்கு பாத்தியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர். கூலிக்கு உழைப்பவர் மற்றொருவர். தாமே விளைத்துத் தாமே விற்கும் சிறு உப்பளக்காரருக்கு சூரியவிசைப் பம்பு நன்மை தரும். அடர்த்திமானி என்னும் சிறு கண்ணாடிக் கருவியும் அவருக்குப் பெருந்துணை. எப்போது நீரைத் திறப்பது, எப்போது கசப்பு நீரை வடிப்பது என்பதை அது காட்டுதலின் உப்பின் தரம் உயரும். பாத்தித் தரையில் விரிக்கும் கெட்டியான பாலித்தீன் விரிப்பு மண் கலவாத உப்பைத் தரும். நீர் மண்ணுக்குள் இறங்கி வீணாதலையும் தடுக்கும். பவநகரில் 1954இல் நேரு அவர்கள் திறந்துவைத்த மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் தரமான உப்புக்கான முறைகளைச் சிறு உற்பத்தியாளருக்கும் கற்பித்து வந்துள்ளது. இவையெல்லாம் உடைமையாளருக்குரிய கருவிகள். கூலியாளுக்கு இவற்றால் நேரே வரும் பயன் சிறிது.

கூலியாளுக்கு வேண்டியவை வேறு. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான எல்லையைக் கடந்த வெப்பத்தில் உழைக்கின்றனர். அவருள் சிலருடைய சிறுநீரகச் செயல் குன்றியுள்ளது. உப்பளங்களில் கழிப்பிடம் இல்லாமையால் பெண்டிர் வேண்டுமென்றே தண்ணீர் அருந்தாமல் அடக்கிக்கொள்கின்றனர். இதற்கு மருந்து என்ன? ஒரு நிழற்பந்தல், ஒரு மண்பானைத் தண்ணீர், ஒரு கழிப்பிடம். இவற்றைக் கருவி என்று சொல்ல நாம் தயங்குகின்றோம். ஆயினும் உப்பளத்தில் இவற்றினும் பயனுள்ள கருவி இல்லை. தலைச்சுமைக்கு மாற்றாகக் கரையில் ஓடும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, காலுக்கு ரப்பர்க் காலணி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி ஆகியவை அடுத்த வரிசையில் வருவன.

கொடுத்தாலும் இவற்றைப் பயன்படுத்துகின்றார்களில்லை என்று சிலர் குறை கூறுவர். ஒரு சமயம் நன்கொடையாளர் ஒருவர் தந்த கறுப்புக் கண்ணாடியை அணியாதிருந்த ஒரு மாணவனின் தாயாரிடம் காரணம் கேட்டேன். "வாத்தியாரய்யா, வேர்வையும் உப்புத் தண்ணியும் பட்டுப் பத்து நிமிசத்துல கண்ணாடி மங்கிப்போவுது. துடைக்க ஈரமில்லாத துணி ஏது? தடுக்கி விழுந்தா கூடையோட விழணும்" என்றார் அவ்வம்மையார். அவ்விடையில் ஒரு பொறியாளனுக்கு வேண்டிய குறிப்பு முழுதும் இருக்கின்றது. முகத்தை ஒட்டி மூடாமல், காற்றுப் புகும்படி, தொப்பியின் முன்விளிம்போடு இணைந்த நிழற்றியாக அதனை அமைத்திருக்கலாம். அணிவாரைக் கேட்காமல் செய்த பொருளை அணியவில்லை என்று அவரையே பழித்தல் முறையன்று.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை உப்பளம் நீரில் மூழ்கிக் கிடக்கும். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர்ப் புயலும், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் இப்பகுதியிலேயே கரை கடந்தன. அம்பாரத்தில் குவித்த உப்பைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடிக் காக்கலாம். வேலையிழந்த வயிற்றை எதனால் மூடுவது? உப்பளத் தொழிலாளருக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974 முதல் இராமநாதபுரம் மாவட்டத்தில் உப்பு விளைத்து வருகின்றது. இரும்பும் அயோடினும் சேர்த்த இருசத்து உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்கு அளித்தது. 2022இல் 'நெய்தல்' என்னும் பெயரில் கடைச்சந்தைக்கும் வந்தது. மூன்று திங்கள் பட்டினிக்கு நிவாரணத் தொகை முழு மருந்தாகாதெனினும், உழைப்பில்லாத காலமும் உழைப்பாளியின் கணக்கில் சேர வேண்டும் என்னும் கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. அக்கொள்கை பெரிது.

முடிவாக, கூட்டுறவைக் குறித்துச் சில சொற்கள். நான்காவது வினாவாகிய 'மிச்சம் யாருக்கு' என்பதற்கு நல்ல விடை தரும் அமைப்பு கூட்டுறவே. தொழிலாளரே சேர்ந்து பாத்தியைக் குத்தகைக்கு எடுப்பின், பம்பால் மிச்சமாகும் எண்ணெய்ச் செலவும், விரிப்பால் உயரும் விலையும், அயோடின் கலந்து பொட்டலமிட்டு விற்பதன் ஊதியமும் அவர்களுக்கே சேரும். கருவியை முதலில் கொணர்ந்து அமைப்பைப் பின்னர்த் தேடுவதினும், அமைப்பை முதலில் உண்டாக்கி, அதுவே தனக்கேற்ற கருவியைத் தேடிக்கொள்ளச் செய்தல் நன்று. சேவா மகளிர் காட்டிய வழியும் இதுவே. கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் அறிந்த பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால் இது இயலும். அப்பத்துப் பேரை உருவாக்குதல் பள்ளிக்கூடத்தின் கடமை. ஆதலின் மரக்காணத்தில் ஒரு சிறுமி பங்குனியிலும் பள்ளிக்கு வருவதை உறுதி செய்தல், சூரியவிசைப் பம்பைப் பரப்புதலுக்கு எவ்வகையினும் குறைந்ததன்று.

அடுத்த முறை கடையில் ஒரு கிலோ உப்பை வாங்கும்போது அதன் விலையைப் பாருங்கள். அவ்விலையில் வெயிலுக்கும் காற்றுக்கும் கூலியில்லை. வண்டிக்கும் பொட்டலத்துக்கும் கடைக்கும் உரியன போக, பாத்தியில் நின்ற கால்களுக்கு எவ்வளவு எஞ்சும் என்பதை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். அக்கணக்கைச் செய்து பழகிய தலைமுறை, எந்தக் கருவி யாருக்கு உதவும் என்பதையும் தானே கண்டுகொள்ளும்.